பௌத்தம் பெண்ணுக்குத் தந்த பெருங்கொடை சமத்துவமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர்களே, அவையோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பௌத்தம் பெண்ணுக்குத் தந்த பெருங்கொடை அமைதி வாழ்வா, சமத்துவமா?" என்னும் தலைப்பில், சமத்துவமே என்று நிலைநாட்ட எழுந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு தாய்மாரை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவர், மகனை இழந்து பித்தாகி, இறப்பே நிகழாத வீட்டில் கடுகு தேடி அலைந்த கிசாகோதமி. மற்றவர், கணவன், இரண்டு பிள்ளைகள், பெற்றோர் என்று எல்லோரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துத் தெருவில் திரிந்த படாசாரா. "இந்தப் பெண்கள் புத்தரிடம் உரிமை கேட்டா வந்தார்கள்? ஆறுதல் தேடியல்லவா வந்தார்கள்?" என்று அவர் கேட்டபோது அவையில் பலர் கண்கலங்கினார்கள். அந்தக் கலக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் இரண்டு கதைகளையும் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதே என் முறையீடு.

படாசாரா ஆறுதல் பெற்று ஒரு மூலையில் ஒடுங்கிவிடவில்லை. துறவு ஒழுக்க விதிகளை அறிந்த பிக்குணிகளுள், அதாவது பௌத்தப் பெண் துறவியருள், அவரே தலைசிறந்தவர் என்று புத்தர் சொன்னதாகப் பாலி நூல்கள் பதிவு செய்கின்றன. பௌத்தத் துறவுப் பெண்களின் 73 பாடல்களைத் தொகுத்துத் தரும் தேரிகாதையில், முப்பது பெண்கள் படாசாராவின் உபதேசத்தைக் கேட்டு ஒரே இரவில் மெய்யறிவு பெற்றதாக ஒரு பாடல் வருகிறது. போரில் தோல்வியறியாத இந்திரனை முப்பது தேவர்கள் முன்னிறுத்தி வாழ்வதுபோல உங்களை முன்னிறுத்தி வாழ்வோம் என்று அந்த முப்பது பேரும் தம் ஆசிரியையை வணங்குகிறார்கள். தெருவில் நிலையிழந்து திரிந்தவர் என்று ஊரார் கல்லெறிந்து விரட்டிய ஒருத்தியை ஆசிரியர் இடத்தில் அமர்த்திய செயலுக்கு ஆறுதல் என்று மட்டும் பெயரிட முடியுமா, நடுவர் அவர்களே?

கிசாகோதமியின் பெயரால் வழங்கும் பாடல் இதைவிடக் கூர்மையானது. மகனின் இறப்பைப் பற்றி மட்டும் அவர் பாடவில்லை. பெண்ணாய்ப் பிறத்தலே துன்பம் எனப்பட்டது என்று தொடங்கி, ஒரு கணவனுக்குப் பல மனைவியருள் ஒருத்தியாய் வாழும் துன்பத்தையும், ஒரு முறை பிள்ளை பெற்றதும் கழுத்தை அறுத்துக்கொண்டவர்களையும், தாங்க மாட்டாமல் நஞ்சுண்ட பெண்களையும் வரிசையாகச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமயத்தின் திருமறைத் தொகுப்புக்குள் இந்த வரிகள் இடம்பெற்றிருக்கின்றன. கடுகுக் கதை சாவு எல்லோருக்கும் பொது என்று கற்பிக்கிறது. இந்தப் பாடலோ எல்லோருக்கும் பொதுவல்லாத துன்பங்களைக் கணக்கெடுக்கிறது. எதிரணி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது.

அமைதி வாழ்வு பௌத்தத்தின் உயிர்நாடி என்பதை நான் மறுக்க வரவில்லை. கொல்லாமையும் இன்னா செய்யாமையும் இல்லாத பௌத்தம் எது? ஆனால் அந்த இன்னா செய்யாமை எந்த அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டது என்று பார்க்க வேண்டும். கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒரு நாள் அரண்மனை மாடத்தில் தன் அரசி மல்லிகாவிடம், "உன்னைவிட உனக்கு இனியவர் எவரேனும் உண்டா?" என்று கேட்டான். "நீங்களே" என்ற விடையை எதிர்பார்த்திருப்பான் என்று எண்ணுவதில் தவறில்லை. மல்லிகா, "இல்லை, அரசே, உங்களுக்கு உண்டா?" என்று திருப்பிக் கேட்டாள். தனக்கும் இல்லை என்று அவன் ஒப்புக்கொண்டான். இந்த உரையாடலை மன்னன் புத்தரிடம் சென்று சொன்னபோது, அவர் மல்லிகாவைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாத் திசைகளிலும் மனத்தால் தேடினாலும் தன்னினும் இனியவரை எவரும் காண்பதில்லை. பிறர்க்கும் அவரவர் உயிர் அவ்வாறே இனியது. ஆகையால் தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்றார்.

இந்த வாதத்தின் வரிசையை அவையோர் கருத்தில் கொள்ள வேண்டும். மன்னனின் உயிர் அவனுக்கு எப்படியோ, அப்படியே அரசியின் உயிர் அரசிக்கு என்னும் சமன்பாடு முதலில் வருகிறது. துன்புறுத்தாமை அதிலிருந்து பிறக்கிறது. கணவனிடம் ஒரு மனைவி அஞ்சாமல் சொன்ன உண்மையிலிருந்து அகிம்சை என்னும் அறம் விளக்கம் பெறுகிறது. அந்த மல்லிகா பெண் குழந்தை பெற்றாள் என்று கேட்டு மன்னன் முகம் வாடியபோதும், பெண் ஆணினும் சிறந்தவளாக விளங்கக் கூடும் என்று புத்தர் அவனுக்கு அறிவுறுத்தினார். அந்த அறிவுரையின் பிற்பகுதி, மாமியாரை மதிப்பவள், வீரனை ஈன்றெடுப்பவள் என்ற அளவிலேயே அவளைக் காண்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அக்காலத்தின் வரம்பு அது. அந்த வரம்புக்குள்ளிருந்தும் முதல் வரி சொல்லப்பட்டதே, அதுதான் எனக்குப் பெரிது.

எதிரணியினர் தம் வலிமையான படைக்கலமாக, பிக்குணிகளைப் பிக்குகளுக்குக் கீழ்ப்படுத்தும் எட்டுப் பெருவிதிகளை எடுத்தார்கள். அதை நான் சுற்றி வளைத்துக் கடந்துபோக மாட்டேன். புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கோதமி, கபிலவத்துவில் மூன்று முறை துறவு வேண்டினார். மூன்று முறையும் மறுக்கப்பட்டார். அவர் பணிந்து வீடு திரும்பவில்லை. தலையை மழித்து, காவி உடுத்தி, சாக்கியப் பெண்கள் பலரோடு வைசாலி வரை நடந்தே சென்று, வீங்கிய கால்களோடும் புழுதி படிந்த உடலோடும் வாயிலில் அழுதபடி நின்றார். அப்போது புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் அவருக்காகப் பரிந்து பேசினார். முதலில் வேண்டியும் பயனில்லாத நிலையில், "பெண்கள் துறவு பூண்டால் பற்றெல்லாம் அற்ற முழு விடுதலையாகிய அருகத நிலை வரையிலான பேறுகளை அடைய வல்லவர்களா?" என்று கேட்டார். "வல்லவர்கள்" என்று புத்தர் விடை சொன்னார். அந்த ஒப்புதலுக்குப் பிறகே வாயில் திறந்தது. ஆண்களின் கருணையாலோ அழுத கண்ணீராலோ அது திறக்கப்பட்டிருந்தால் எதிரணியின் கட்சி வெல்லும்; பெண்ணின் ஆற்றல் ஆணின் ஆற்றலுக்கு ஈடானது என்ற விடையால் அது திறக்கப்பட்டது.

அந்த வாயிலோடு எட்டு விதிகளும் வந்தன என்று துறவு விதிகளைக் கூறும் பாலி நூலாகிய சுள்ளவக்கம் சொல்கிறது. நூறாண்டு துறவு பூண்ட பிக்குணியும், அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. இந்த விதியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அது சமத்துவத்துக்கு எதிரானது. ஆனால் இரண்டு செய்திகளை அவையின் முன் வைக்கிறேன். துறவு மூப்பின்படியே இரு பாலாரும் வணங்கிக்கொள்ளட்டும் என்று கோதமி பின்னர் ஆனந்தர் வழியாக விண்ணப்பித்ததையும், அது மறுக்கப்பட்டதையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. அடக்கப்பட்டவளின் எதிர்க்குரலை அடக்கிய விதியோடு சேர்த்தே காத்து வைத்த மரபு அது. இன்னொன்று, இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்ற பெண்ணுக்கு ஆண், பெண் ஆகிய இரு துறவியர் சங்கங்களும் கூடி முழுத் துறவு அளிக்க வேண்டும் என்கிறது அந்த எட்டில் ஒரு விதி. முதல் பிக்குணியே அப்போதுதான் துறவு கேட்டு நிற்கிறார் என்றால், பெண்கள் சங்கம் ஏது? பயிற்சிப் பெண்கள் ஏது? ஆகவேதான் இவ்விதிகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தக் கருத்தே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

எட்டு விதிகளை விரல்விட்டு எண்ணிய எதிரணியினர், பிக்குகளுக்கு விதித்த விதிகளையும் எண்ணியிருக்க வேண்டும். உறவினரல்லாத பிக்குணியைக் கொண்டு ஒரு பிக்கு தன் பழைய சீவர ஆடையைத் துவைக்கவோ சாயமேற்றவோ செய்வது குற்றம். ஆட்டு மயிரைத் துவைக்கவும் சிக்கெடுக்கவும் சொல்வதும் குற்றம். இந்த இரண்டாம் விதி பிறந்த கதையிலும் கோதமியே வருகிறார். பிக்குணிகள் விழிப்போடு பயில்கிறார்களா என்று புத்தர் அவரிடம் கேட்கிறார். பிக்குகளில் ஒரு கூட்டத்தார் மயிரைத் துவைத்துச் சிக்கெடுக்கும் வேலையை ஏவுவதால், பாடம் ஓதவும் ஐயம் கேட்கவும் தியானம் பயிலவும் எங்களுக்கு நேரம் எங்கே என்று கோதமி முறையிடுகிறார். விதி பிறக்கிறது. பெண்ணின் படிப்பு நேரத்தை ஆணின் துணிமணி தின்றுவிடக் கூடாது என்று அக்காலத்திலேயே எழுந்த சட்டம் இது. இன்றைக்கும் எத்தனை வீடுகளில் இந்த ஒரு விதி மட்டும் நடைமுறைக்கு வந்தால் போதும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அவ்வாறு கிடைத்த நேரம் வீணாகவில்லை. தம்மதின்னா என்னும் பிக்குணியிடம், இல்லறத்தில் அவருக்குக் கணவராயிருந்த விசாகர் வந்து, மெய்ப்பொருள் பற்றி அடுக்கடுக்காக வினவுகிறார். அவர் ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறார். விசாகர் அதைப் புத்தரிடம் சென்று ஒப்பிக்க, "என்னிடம் கேட்டிருந்தாலும் இவ்வாறே சொல்லியிருப்பேன்" என்கிறார் புத்தர். கணவன் மாணவனாகவும் மனைவி ஆசானாகவும் அமர்ந்த அந்த உரையாடல், பாலி மொழி அறவுரைத் தொகுப்பாகிய மச்சிம நிகாயத்தில் ஒரு தனிச் சூத்திரமாகவே நிற்கிறது. தியானத்தில் இருந்த சோமா என்னும் பிக்குணியை நெருங்கிய மாரன் என்னும் தீய சக்தி, முனிவர்கள் அடையும் நிலையை இரண்டு விரல் அறிவுடைய பெண்ணால் எட்ட முடியாது என்று ஏளனம் செய்தது. மனம் நன்கு ஒருமைப்பட்டு மெய்யறிவு பெருகும்போது பெண்மை என்ன தடை செய்யும் என்று அவர் கேட்டதும் மாரன் மறைந்தான். பெண் தாழ்ந்தவள் என்ற வாதத்தைப் பௌத்த மரபு யாருடைய வாயில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். மாரனின் வாயில் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் பௌத்தக் காப்பியங்களாகிய மணிமேகலையும் குண்டலகேசியும் துறவு பூண்ட பெண்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. கணிகையர் குலத்தில் பிறந்த மணிமேகலை, அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டாள். வேண்டுவது என்ன என்று சோழ மன்னன் கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டினாள். அமைதி வாழ்வு என்று எதிரணி போற்றுவதன் உச்சம் அதுவே. ஆனால் அவள் வஞ்சி மாநகரில் பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்கச் சென்றபோது ஆண் துறவியின் வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. இளம்பெண் என்று அறிந்தால் எவரும் உண்மைப் பொருளை உரைக்க மாட்டார்கள் என்று தெய்வமே அவளுக்கு முன்பு சொல்லியிருந்தது. பின்னர்க் காஞ்சியில் பௌத்த ஆசான் அறவண அடிகளிடம் வந்தபோது அவள் சொல்வதைக் கேளுங்கள்: நான் பூண்ட அந்த வேற்றுருவைப் போலவே அந்தச் சமயங்களும் செம்மையானவை அல்ல, ஆதலால் அவற்றில் சிந்தை வைக்கவில்லை, நீங்கள் மெய்ப்பொருள் அருளுங்கள். பெண்ணைப் பெண்ணாக அமரவைத்துப் பாடம் சொல்லாத அவையின் அறிவு, பொய்யுருவுக்கு ஒப்பானது என்று சாத்தனார் சொல்ல வைத்ததாகவே நான் இதை வாசிக்கிறேன்.

இறுதியாக, சமத்துவம் கொடையாயிருந்தால் பிக்குணி சங்கம் ஏன் அழிந்தது என்று எதிரணியினர் கேட்டார்கள். அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கையில் நிறுவிய அந்தச் சங்கத்திலிருந்து, 5ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து சீனம் சென்ற பிக்குணிகள் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு முறைப்படி துறவளிக்கத் துணைநின்றார்கள். 11ஆம் நூற்றாண்டில் சோழர் படையெடுப்புகளின் காலத்தில் இலங்கையின் சங்கம் சிதைந்தது. தமிழராகிய நாம் இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. அதன் பின் அரியணை ஏறிய முதலாம் விசயபாகு, பர்மாவிலிருந்து துறவிகளை வரவழைத்து ஆண்களின் சங்கத்தை மீட்டான். பெண்களின் சங்கம் மீட்கப்படவில்லை. கொடையைப் பெற்றவர்கள் அதைக் காக்கத் தவறியதற்குக் கொடை பொறுப்பாகாது.

பின்னர் 20ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பெண்கள் பலர், முழுத் துறவு கிடைக்காத நிலையில், பத்துச் சீலங்களை ஏற்றுத் தசசில் மாதாக்களாக வாழ்ந்தார்கள். தியானம், எளிய உணவு, ஊராரின் மதிப்பு எல்லாம் அவர்களுக்கு இருந்தன. எதிரணி சொல்லும் அமைதி வாழ்வு அவர்கள் கையிலேயே இருந்தது. ஆயினும் 1996இல் அவர்களுள் பத்துப் பேர், புத்தர் முதல் அறவுரை நிகழ்த்திய சாரநாத்துக்குச் சென்று, கொரியத் துறவியரின் துணையோடு பிக்குணிகளானார்கள். 1998இல் புத்தகயையில் மேலும் பலர் அந்த வழியில் வந்தார்கள். 2016இல் திபெத்திய மரபில் 20 பெண் துறவியர், அதுவரை ஆண்களுக்கே உரியதாயிருந்த உயர் பௌத்தக் கல்விப் பட்டமாகிய கெஷே பட்டத்துக்கு நிகரான கெஷேமா பட்டம் பெற்றார்கள். 2022இல் பூட்டானில் 140க்கும் மேற்பட்ட பெண்கள் முழுத் துறவு பெற்றார்கள். இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். பெருங்கொடை அமைதி வாழ்வே என்றால், அவர்கள் எதைத் தேடிப் புறப்பட்டார்கள்? நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும் முன்பு, இந்த ஒரு கேள்விக்கு எதிரணியிடம் விடை கேட்டு வாங்க வேண்டும் என்று வேண்டி அமர்கிறேன். வணக்கம்.