உங்கள் ஊரில் இந்த மீனுக்கு என்ன பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி, வாழ்க்கைப்பட்டது சென்னை. நான் சொல்லப்போகிற கதை இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே தொடங்கியது.

கல்யாணமான புதிதில், 1984இல் என்று நினைவு, புகுந்த வீட்டில் எங்கள் அம்மா வைப்பதைப் போல ஒரு சீலா மீன் குழம்பு வைக்க ஆசைப்பட்டேன். வீட்டுக்காரரிடம் பையைக் கொடுத்து, "சீலா ஒரு கிலோ, துண்டு போட்டு வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினேன். வந்தது. துண்டுகளைக் கழுவும்போதே கைக்கு ஏதோ வேறாகப்பட்டது. தோலின் நிறம் வேறு, சதையும் வேறு. குழம்பு கொதித்ததும் சந்தேகமே இல்லை. "இது சீலா இல்லையே அத்தை" என்றேன். மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சீலாதாம்மா, நல்ல மீனுதான்" என்றார்.

மறுநாள் காலை நானே சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்குப் போனேன். நேற்று மீன் கொடுத்த அம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. ஒரு கையில் நீளமான மீன் ஒன்றைத் தூக்கினார். கூர்மையான மூஞ்சி, வாய் நிறையப் பல். "இது சீலா." இன்னொரு கையில், பக்கவாட்டில் மங்கலான குறுக்குக் கோடுகளோடு பளபளவென்று ஒன்று. "இது வஞ்சிரம்." எங்கள் ஊர் சீலா அவருடைய வலது கையில், வஞ்சிரம் என்ற பெயரோடு இருந்தது. வஞ்சிரம் வஞ்சிரம் என்று சென்னையில் எல்லாரும் பெருமையாகச் சொன்ன மீன் நான் சின்ன வயதிலிருந்து தின்ற சீலாதான்.

அப்புறம் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஊர்ல வஞ்சிரத்தை சீலான்னா, எங்க சீலாவை நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?"

ஊளி என்றேன். "ஊளியா" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாடம் நடத்துகிற எனக்கு அந்தக் கேள்வி அதற்கு முன்னால் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினேன்: சீலா, தூத்துக்குடி, வஞ்சிரம். சீலா, சென்னை, ஊளி. அந்த நோட்டு இன்றைக்குப் பதினோரு நோட்டாக வளர்ந்திருக்கிறது.

வஞ்சிரம் அதோடு நிற்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் போனால் அதுவே நெய்மீன். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அறுக்குளா. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "அறுக்குளாவை இப்பிடியும் சமைப்பினமோ" என்று கேட்டபோது நோட்டில் இன்னொரு வரி ஏறியது. மகாராஷ்டிரத்தில் சுர்மை. ஒரு மீன், ஐந்து பெயர். அதற்கு மேல், ஒரே பெயரில் இரண்டு மீன். கரையில் எவ்வளவு சீலா பிடிபட்டது என்று யாராவது கணக்கு எழுதினால், எந்தக் கரையில் என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்தக் கணக்குக்குப் பொருளே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் இதற்கு வருவேன்.

அறிவியல் பெயர் இங்கேதான் உதவிக்கு வருகிறது. வஞ்சிரத்தின் அறிவியல் பெயர் ஸ்காம்பரோமோரஸ் காமர்சன். வாயில் நுழையவில்லை என்று ரேடியோவை மூடிவிடாதீர்கள். செங்கடலில் பிடித்தாலும் ஜப்பானில் பிடித்தாலும் ஆஸ்திரேலியாவில் பிடித்தாலும் அதற்கு அதுதான் பெயர். முதல் சொல் வீட்டுப் பெயர் மாதிரி, நெருங்கிய உறவுகள் எல்லாவற்றுக்கும் பொது. இரண்டாவது அந்த மீனுக்கே உரியது. காமர்சன் ஒரு பிரெஞ்சுக்காரர், மருத்துவர், செடி கொடி மீன் எல்லாவற்றையும் தேடித் தேடிக் குறிப்பெழுதியவர். உங்கள் வீட்டு மதிலில் காகிதப்பூ படர்ந்திருந்தால், அதற்கு போகன்வில்லா என்று பெயர் வந்ததும் அவரால்தான். தன்னைக் கப்பலில் கூட்டிப்போன தலைவரின் பெயரை அதற்கு வைத்தார். காமர்சன் 1773இல் மொரீஷியஸில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து லாசபேத் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எழுதியதுதான் இந்த மீனின் விவரிப்பு. காகிதப்பூவுக்கும் வஞ்சிரத்துக்கும் இப்படி ஓர் உறவு.

அப்படியானால் அறிவியல் பெயர் முழுக்க முழுக்க அந்நியச் சரக்கு என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கானாங்கெளுத்தியின் பெயரைக் கவனிக்கும்வரை.

கானாங்கெளுத்தி எல்லாருக்கும் தெரியும். சென்னையில் கானாங்கத்தை என்பார்கள், குமரியில் அயிலை, ராமேசுவரத்தில் கும்புளா. பெயரில் கெளுத்தி இருக்கிறதே தவிர மீசை வைத்த கெளுத்திக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதன் அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா. இரண்டாவது சொல்லை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கனகுர்தா. கானாங்கத்தை. காதில் ஏதாவது கேட்கிறதா?

அது தெலுங்குக் கரையின் சொல். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இங்கே இருந்தார். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்று சொல்வது அவரை வைத்துத்தான். விசாகப்பட்டினத்தில் சேகரித்த இருநூறு மீன்களைப் படத்தோடு அவர் 1803இல் புத்தகமாக வெளியிட்டார். பல மீன்களுக்கு அவர் தன் விருப்பத்துக்கு லத்தீனில் பெயர் வைக்கவில்லை. கரையில் என்ன சொன்னார்களோ அதையே தலைப்பாக எழுதினார். பிறகு 1816இல் பாரிஸில் குவியே என்ற விலங்கியலாளர், அந்தத் தெலுங்குச் சொல்லையே அறிவியல் பெயராக ஏற்றுக்கொண்டார். விசாகப்பட்டினத்துக் கரையில் ஒரு மீனவர் வாயிலிருந்து வந்த சொல் இன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டு ஆராய்ச்சித்தாளிலும் இருக்கிறது. இதை முதல்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

முதல் சொல்லையும் விட வேண்டாம். ராஸ்ட்ரெல்லிகர் என்றால் சின்ன வாரியைச் சுமப்பது. முற்றத்தில் சருகு கூட்டுகிற பல்வாரி இருக்கிறதே, அது. அடுத்த முறை கானாங்கெளுத்தி ஆயும்போது வாயை அகலத் திறந்து உள்ளே பாருங்கள். செவுளை ஒட்டி இறகு மாதிரி நீளநீளமாக நிற்கும். கடல்நீரிலிருந்து நுண்ணிய இரையை அதைக் கொண்டுதான் வடிகட்டி எடுக்கிறது. பெயர் உங்கள் அரிவாள்மனையிலேயே இருக்கிறது.

இதே மாதிரி ஒன்று எங்கள் தூத்துக்குடிக்கும் உண்டு. சங்கு. நம் சங்கு என்ற சொல் ஐரோப்பியர் வாயில் சாங்க் ஆனது, 1798இல் சாங்கஸ் என்று லத்தீன் பெயரே ஆனது. நான் படித்த காலத்துப் பழைய புத்தகங்களில் சாங்கஸ் பைரம் என்றுதான் இருக்கும். பிறகு பெயர் விதிகளை வகுக்கிறவர்கள் அதைத் தள்ளிவிட்டு டர்பினெல்லா என்பதை நிலைநிறுத்தினார்கள். டர்பினெல்லா பைரம் என்றால் பம்பரம், பேரிக்காய். சங்கைப் பார்த்து ஒருவருக்குப் பம்பரமும் இன்னொருவருக்குப் பேரிக்காயும் நினைவுக்கு வந்திருக்கிறது. விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாங்கஸ் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. நாம் வலம்புரி என்பதை அவர்கள் இடச்சுற்று என்கிற விவகாரம் ஒன்றும் இருக்கிறது. அதற்குச் சங்கைக் கையில் பிடித்துக் காட்ட வேண்டும், வானொலியில் முடியாது.

கறுப்பு வவ்வால் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. அது வவ்வால் குடும்பமே இல்லை, பாரை குடும்பம். வால் தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் விரலை வைத்துத் தடவினால் சொரசொரவென்று ஒரு வரி தட்டும், பாரையில் இருப்பதைப் போல. வெள்ளை வவ்வாலில் அது இருக்காது.

சரி, முன்னால் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப்பெயரும் வேண்டும், அது எந்த ஊர் என்பதும் வேண்டும், அறிவியல் பெயரும் வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் சிக்கல். இப்போது ஊர்ப்பெயரை விட்டுவிட்டு ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கி எழுதுகிற பழக்கம் பெருகிவருகிறது. ஒரு முறை மாணவர்களோடு பாக் விரிகுடாக் கரையில் ஒரு ஊருக்குப் போயிருந்தோம். கடற்பசுவைக் காப்போம் என்று அட்டை எழுதி எடுத்துப் போனோம். பெரியவர் ஒருவர் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆவுளியாவுல்ல" என்றார். அதுவரை எங்களைச் சுற்றிச் சும்மா நின்றவர்கள் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். எங்கே மேயும், எந்தக் கடற்புல்லுக்கு வரும், குட்டியோடு எப்போது பார்த்தோம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தக் கடலில் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வைக்கிற பலகைகளில் ஆவுளியா என்ற சொல்லும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம், கோரிக்கையும் கூட.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். பால்சுறா, நெய்ச்சாளை, திருக்கை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், விட்டுவிடுகிறேன். ஆமைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். பங்குனி மாதத்தை ஒட்டிக் கரையேறி முட்டையிடுவது பங்குனி ஆமை, பெயரே நாட்காட்டி. இன்னொன்று அழுங்காமை. அழுங்கு என்றால் எறும்புத்தின்னி, உடம்பெல்லாம் செதில் மேல் செதிலாக அடுக்கியிருக்குமே, அந்த விலங்கு. அழுங்காமையின் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல் இம்பிரிகேட்டா. கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தது என்று பொருள். அந்த ஆமையின் முதுகில் தகடுகள் அப்படித்தான் படிந்திருக்கும். அந்தப் பெயரை வைத்த, ஸ்வீடனில் இருந்த லின்னேயஸுக்கு வீட்டுக்கூரை தெரிந்தது, நம் கரையில் யாருக்கோ எறும்புத்தின்னி தெரிந்தது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே முதுகைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் ஊரில் ஊளிக்கும் கும்புளாவுக்கும் வேறு பெயர் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். பன்னிரண்டாவது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வணக்கம்.