கியர் நழுவுகிறதா? பெட்டியைத் திறக்குமுன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

(திரையில்: ரங்கூனில் ஒரு பட்டறை. தூக்கி நிறுத்திய ஹைலக்ஸ் சர்ஃப். அதன் அடியில் எண்ணெய் பிரஷர் கேஜ் தொங்குகிறது.)

வணக்கம். இந்த ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கொண்டுவந்த அண்ணன் இறங்கியதும் சொன்னது இதுதான்: "தம்பி, கியர் பெட்டி போயிடுச்சு. வேற பெட்டி பாத்துக் குடுங்க."

பெகு தாண்டி மோல்மீன் போகும் வழியில் ஒரு லாரியை முந்த மிதித்திருக்கிறார். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது இன்ஜின் வீறிட்டது, வண்டி எழவில்லை. 1970-ல் பர்மா சாலையின் வலதுபக்கத்துக்கு மாறிவிட்டது. ஆனால் இங்கே ஓடுபவற்றில் ஏராளமானவை ஜப்பானிலிருந்து வந்த, ஸ்டியரிங்கும் வலதுபக்கமே உள்ள வண்டிகள். எதிரே வருவதைப் பார்க்கவே பாதி வண்டியை வெளியே நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் கியர் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

"சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா அண்ணே?" என்று கேட்டேன். இரண்டு மாதம் முன்பு வேறொரு பட்டறையில், இன்னொரு இன்ஜினின் பெரிய த்ராட்டில் பாடியை (ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜினுக்குள் காற்றைத் திறந்துவிடும் பாகம்) போட்டிருக்கிறார். "அதுக்கப்புறம் கியர் மாறுறதே தெரியல, வெண்ணெய் மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த 'வெண்ணெய்' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

(திரையில்: கிளட்ச் தட்டுகளின் படம். எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது.)

பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். கிணற்றில் வாளி இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி கனக்கக் கனக்கக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடும். இன்ஜின் அதிகமாக இழுக்கும்போது அழுத்தமும் கூட வேண்டும். இதைத்தான் லைன் பிரஷர் என்கிறோம்.

இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? இந்த வண்டியில் இருப்பது டொயோட்டாவின் ஏ340 வகைப் பெட்டி, கேபிள் உள்ளது. ஆக்சிலேட்டரை மிதித்தால் த்ராட்டில் பாடியில் உள்ள சிறு உருளை சுழன்று இந்தக் கேபிளை இழுக்கும். கேபிள் உள்ளே ஒரு வால்வை நகர்த்த, அழுத்தம் ஏறும். கேபிள் குறைவாக இழுபட்டால், நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்றே பெட்டி நினைத்துக்கொள்ளும். பிடி தளர்ந்திருப்பதால் கியர் மாறுவது மென்மையாகத்தான் இருக்கும். உள்ளே தட்டுகள் தேய்ந்து கருகிக்கொண்டிருக்கும். பிந்தைய பல பெட்டிகளில் கேபிள் கிடையாது, கணினியே சோலினாய்டு என்ற மின்வால்வு மூலம் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அங்கே தேட வேண்டிய இடம் வேறு.

(திரையில்: எண்ணெய்க் கோலை வெள்ளைத் துணியில் துடைக்கும் காட்சி.)

முதலில் எண்ணெய். இன்ஜின் ஓடும்போது, சூடான பிறகு, எல்லா நிலைகளுக்கும் லீவரைக் கொண்டுபோய் வந்து அளவு பார்த்தேன். அளவு சரி. நிறம் சற்றுக் கறுத்திருந்தது, லேசான கருகல் வாடையும் இருந்தது.

அடுத்தது ரிவர்ஸ். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன், திணறாமல் ஏறியது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இந்தப் பெட்டியில் மூன்றாவது கியருக்குப் புதிதாகப் பிடிக்கும் டைரக்ட் கிளட்ச்தான் ரிவர்ஸிலும் வேலை செய்கிறது. ரிவர்ஸில் மட்டும் லைன் பிரஷர் இயல்பாகவே அதிகம். அதே தட்டுகள் அழுத்தம் கூடினால் பிடிக்கின்றன, குறைந்தால் நழுவுகின்றன. அப்படியானால் தட்டுகள் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை, அவற்றுக்குப் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை.

(திரையில்: பெட்டியின் சோதனைத் துளையில் கேஜ் பொருத்தப்படுகிறது.)

சரி, இப்போது அளப்போம். கேஜ் 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரையாவது காட்ட வேண்டும். எண்ணெய் 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் கட்டை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக், மூன்றும் கட்டாயம். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. முழுதாக மிதிப்பது 5 விநாடிக்கு மேல் போகக் கூடாது, இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதித்துவிடும்.

டி-யில், அதாவது முன்னே போகும் நிலையில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் 55 பிஎஸ்ஐ, குறையில்லை. முழுதாக மிதித்தபோது 95-லேயே நின்றுவிட்டது. இந்த வண்டிக்கு 130-ஐத் தாண்ட வேண்டும். உங்கள் வண்டியின் இன்ஜினைப் பொறுத்து எண்கள் மாறும், அதன் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

பம்ப் தேய்ந்திருந்தால் சூடான ஐடிலிலேயே அழுத்தம் விழுந்திருக்கும். டி-யில் மட்டும் குறைவென்றால் முன்னே போகப் பிடிக்கும் ஃபார்வர்டு கிளட்ச் பக்கம் கசிவைத் தேடலாம், ரிவர்ஸில் மட்டும் குறைவென்றால் ரிவர்ஸுக்குப் பிடிக்கும் பக்கம் தேடலாம். இங்கே மிதிக்காதவரை எல்லாம் சரி, மிதித்தால் டி, ரிவர்ஸ் இரண்டிலும் அழுத்தம் ஏறவில்லை. ஆகவே கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

(திரையில்: கேபிளின் ரப்பர் உறையும், கம்பியில் பதித்த சிறு தடுப்பும்.)

ஒருவர் உள்ளே உட்கார்ந்து முழுதாக மிதிக்கட்டும். அப்போது உறையின் முனைக்கும் இந்தத் தடுப்புக்கும் நடுவே 0 முதல் 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். இங்கே 7 மில்லிமீட்டர் குறைவாக இழுபட்டிருந்தது. புதிய த்ராட்டில் பாடியின் உருளை பழையதைவிடச் சிறியது, அதே அளவு சுழன்றாலும் கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கிறது.

பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். நட்டைத் திருகி அந்த 7 மில்லிமீட்டரையும் இழுத்துவிட்டால், காலை எடுத்த பிறகும் கேபிள் இழுபட்டே நிற்கும். ஐடிலிலும் அழுத்தம் ஏறி, டி போட்டதும் வண்டி உதைக்கும். தொடக்கமும் முடிவும் இரண்டும் பொருந்த வேண்டும். அதனால் பழைய த்ராட்டில் பாடியின் உருளையைக் கழற்றிப் புதியதில் பொருத்தினோம். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது.

(திரையில்: கேஜின் முள் மெல்ல ஏறுகிறது.)

இப்போது ஐடிலில் 56, முழுதாக மிதித்தால் 145. மூன்றாவது கியர் சட்டென்று பிடிக்கிறது. எண்ணெயை மாற்றினோம். பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டான பானில் கொஞ்சம் கரும்பொடி இருந்தது, உலோகத் துகள் இல்லை. தட்டுகளின் ஆயுளில் ஒரு பங்கு போயிருக்கும், அதை அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். 1000 கிலோமீட்டர் ஓடியபின் வரச் சொல்லியிருக்கிறேன். பானை மறுபடி இறக்கி, பொடி கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.