பாய் விரித்து உட்காரும் பத்து நிமிடம்

(சபைக் குடும்ப ஐக்கியக் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபைகுரு ஐயா அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கியத்து அம்மாமார்களுக்கும், வாலிபத் தம்பி தங்கைகளுக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விசுவாசத்தில் வளருதல்’. மூன்று நாள் கன்வென்ஷன் பந்தல் போட்டுப் பேசவேண்டிய விஷயம் இது. எனக்குக் கிடைத்திருப்பதோ முக்கால் மணி நேரம். பின்னால் அண்டாவைத் திறந்துவிட்டார்கள் என்பதும் இங்கே வரைக்கும் தெரிகிறது. அதனால் தலைப்பை நானாகவே சுருக்கிக்கொள்கிறேன். நம் வீடுகளில் காலையும் மாலையும் நடக்கிற, அல்லது நடக்காமல் போகிற அந்தச் சின்ன ஜெபத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்குகிற நேரத்தில் நாம் எல்லாருமே பரிசுத்தவான்கள்தான். ‘இந்த வருஷம் வேதத்தை முழுக்க வாசித்துவிட வேண்டும்’ என்று அங்கேயே முடிவெடுத்துவிடுவோம். கணக்கும் தெரியும்: மொத்தம் 1,189 அதிகாரம்; தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆதியாகமம் கதையாக ஓடும். செங்கடல் தாண்டும் வரை கவலையில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் பாதங்களும் கொக்கிகளும் வர ஆரம்பித்ததும் கண் சொருகும். குடியரசு தினம் கழிந்த வாரத்தில் லேவியராகமத்துக்குள் நுழைவோம். குஷ்டரோகத்தின் அடையாளங்களைச் சொல்கிற 13-ஆம் அதிகாரத்தில் புத்தகக்குறியை வைத்து மூடுவோம். அடுத்த டிசம்பரில் திறந்தால் குறி அங்கேயே இருக்கும்.

சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறீர்கள்.

முழு வேதமும் வாசிக்கவேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் உற்சாகமாக இருக்கிற ஒரு ராத்திரியில் நாம் போடுகிற திட்டம், காய்ச்சலோடு படுத்திருக்கிற நாளுக்கும், கரண்ட் பில்லும் ஸ்கூல் ஃபீஸும் ஒரே வாரத்தில் வந்து நிற்கிற நாளுக்கும் தாங்குவதில்லை. அந்த மாதிரி நாளிலும் கைவிடாமல் செய்யக்கூடியது எதுவோ, அதுதான் தினசரிப் பழக்கம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

லுத்தரன் சபையில் நின்றுகொண்டு, ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரைப் பற்றிப் பேசாமல் போனால் நன்றாயிராது. அவருக்கு அவர் ஊரான விட்டன்பர்க்கில் ஒரு சவரத் தொழிலாளி நண்பர் இருந்தார். பெயர் பேதுரு. ‘எப்படி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்’ என்று அவர் கேட்டார். லுத்தர் அப்போது சாதாரண ஆள் இல்லை. வேதாகமம் முழுவதையும் ஜெர்மன் மொழியில் கொண்டுவந்து முந்தின வருஷம்தான் அச்சில் பார்த்திருந்தார். பேராசிரியர். தலைக்கு மேல் வேலை. அவ்வளவுக்கு நடுவிலும் அந்தச் சவரத் தொழிலாளிக்காக உட்கார்ந்து ஒரு சிறு புத்தகம் அளவுக்குக் கடிதம் எழுதினார். அது 1535-இல் அச்சில் வந்தது.

அந்தக் கடிதத்தை அவர் ஆரம்பிக்கிற விதம் எனக்குப் பிடிக்கும். ஜெபத்தின் மகத்துவம் என்றெல்லாம் தொடங்கவில்லை. ‘வேறு வேலைகளாலோ சிந்தனைகளாலோ என் மனம் ஜெபத்தில் சந்தோஷமில்லாமல் குளிர்ந்துபோகும்போது நான் என்ன செய்வேன் என்றால்’ என்று தன் கதையைச் சொல்கிறார். சின்னச் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாராம். ஜனங்கள் கூடியிருக்கிற நாளென்றால் கோவிலுக்குப் போய்விடுவாராம். அங்கே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சிறுபிள்ளை ஒப்பிக்கிற மாதிரி மெல்லச் சொல்லிப்பார்ப்பாராம். லுத்தருக்கே மனம் குளிர்ந்துபோயிருக்கிறது என்றால் நமக்கு ஏன் போகாது? அவர் மனம் சூடாகட்டும் என்று காத்திருக்கவில்லை. புத்தகத்தை எடுத்தார், நடந்தார், வாயைத் திறந்தார். சூடு அதற்குப் பிறகு வந்தது.

இன்னொரு இடத்தில், நம் மனதுக்குள் வருகிற ஒரு குரலைப் பற்றி எச்சரிக்கிறார். ‘கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இந்த வேலையை முடித்துவிடு’ என்கிற குரல். அதை நம்பாதே என்கிறார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும் என்கிறார். இதை எழுதிய காலத்தில் செல்போன் கிடையாது. இன்றைக்கு நமக்கு அந்த முதல் வேலையும் கடைசி வேலையும் எது என்று நான் சொல்லவேண்டியதில்லை, தலையணைக்குப் பக்கத்திலேயே சார்ஜில் கிடக்கிறது.

ஜெபத்தில் கவனம் சிதறுவதைப் பற்றி, கேட்டவருடைய தொழிலையே எடுத்து விளக்குகிறார். நல்ல சவரத் தொழிலாளி கத்தியிலும் முடியிலும்தான் கண்ணையும் கருத்தையும் வைத்திருப்பான். ஊர்க்கதை பேசிக்கொண்டு வேடிக்கை பார்த்தால் வாயையோ மூக்கையோ, ஏன், கழுத்தையே அறுத்துவிடுவான் என்கிறார். பிறகு முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு கட்டளையை எடுத்துக்கொள். இது எனக்கு என்ன போதிக்கிறது என்று பார். இதில் எதற்காக நன்றி சொல்லலாம் என்று பார். இதில் நான் எங்கே தவறினேன் என்று அறிக்கையிடு. கடைசியில் அதற்காக வேண்டிக்கொள். நான்கு இழையாகப் பின்னிய ஒரு மாலை. பத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டுமா? வேண்டாம். ஒன்றிலேயே மனம் நின்றுவிட்டால் மற்றதை விட்டுவிடு, பரிசுத்த ஆவியானவர் பேச ஆரம்பித்தால் நீ பேசுவதை நிறுத்திக் கேள் என்கிறார். நல்ல ஜெபம் நீளமாக இருக்கவேண்டியதில்லை, அடிக்கடியும் ஊக்கமாகவும் இருந்தால் போதும் என்றும் சொல்கிறார். நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் இந்த ஒரு வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

அந்தப் பேதுருவின் கதை அதோடு முடியவில்லை. அதே 1535-இல், ஈஸ்டருக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் மருமகனோடு ஏதோ பேச்சு வந்து, அவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லுத்தரும் மற்றவர்களும் மன்றாடியதால் உயிர் தப்பினார். ஆனால் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சொல்லச் சங்கடமான கதைதான். ஆனாலும் சொல்கிறேன். தினம் ஜெபித்தால் வீட்டில் ஒரு கெடுதியும் வராது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஜெபம் தாயத்து இல்லை. அந்தக் கடிதத்தில் அறிக்கையிடுதல் என்று ஓர் இழை இருக்கிறதே, அது யாருக்காக என்று அந்த மனிதருக்கு அப்புறம் தெரிந்திருக்கும்.

இதற்கு ஆறு வருஷம் முன்னால், 1529-இல், லுத்தர் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்கிற சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். திடப்படுத்தல் வகுப்பில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். அதில் வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குக் காலை மாலை ஜெபத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பகுதி வருகிறது. காலையில் எழுந்ததும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல். விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், விரும்பினால் ஒரு சின்ன ஜெபம். பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ. இரவிலும் அப்படியே, முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கு. அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஆகாது. ‘தூங்கு’ என்று ஒரு போதகர் எழுதிவைத்திருக்கிறாரே என்று எனக்குச் சிறுவயதிலிருந்தே அந்தப் பகுதிமேல் தனிப் பிரியம்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தை ஆரம்ப வருஷங்களிலேயே தமிழில் கொண்டுவந்துவிட்டார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல்தான். முழு வேதத்தைக் கையில் வைத்து வாசிக்க வழியில்லாத காலத்திலேயே நம் முன்னோர் காலையிலும் இரவிலும் சொல்ல நாலு வரி ஜெபம் வைத்திருந்தார்கள். சீகன்பால்கு 36 வயதில் காலமானார். அவர் அடக்கம்பண்ணப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்கு நம்மில் பலர் போயிருப்போம், செல்ஃபியும் எடுத்திருப்போம்.

எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம். மாலையில் கோரைப்பாயை விரித்து உட்காருவோம். மின்வெட்டு நாளென்றால் நடுவில் சிமினி விளக்கு. ஞானப்பாட்டு ஒன்று, இல்லையென்றால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையில் ஒரு சரணம். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிக்க வேண்டும். என் தம்பி அவன் முறை வருவதற்குள் பாயில் இரண்டு கோரையைப் பிய்த்துவிடுவான். அப்பா ஜெபித்தால் உலக சமாதானத்தில் தொடங்கி வீட்டுக்கு வர நேரமாகும். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, அவர் ஜெபம் வேறு மாதிரி. அது தெரு வரிசையாகப் போகும். மேலக்கோடி வீட்டிலிருந்து ஆரம்பிப்பார். ‘அந்தப் பிள்ளைக்கு வரன் அமையணும் ஆண்டவரே. தபால்காரருக்குக் கால் வீங்கியிருக்கு, பாவம், சைக்கிள் மிதிக்கணும். பாய் வீட்டுப் பையனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை.’ எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போட்டிருந்தால் அந்த வீட்டுக்கு வரும்போது குரல் ஒரு நொடி நிற்கும். நாங்கள் காதைத் தீட்டிக்கொள்வோம். தாண்டிவிடுவாரா, சொல்வாரா? சொல்லிவிடுவார். கொஞ்சம் வேகமாகச் சொல்வார். மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில் குழம்பு எதிர்வீட்டுக்குப் போகும்.

வேதபாட வகுப்பில் ‘உன் அயலானை நேசி’ என்று படித்தேன். அது எப்படி நடக்கிறது என்று பாயில் உட்கார்ந்துதான் பார்த்தேன். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதுகிறார். அந்தப் பாட்டி என்ன பிரசங்கம் செய்தார் என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

தானியேலை எல்லாருக்கும் தெரியும், சிங்கக்கெபியைத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைக் கவனியுங்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்று அவன் எதிரிகள் சட்டம் போட வைத்தார்களே, அந்தச் சட்டத்தால் தானியேல் மாட்டுவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தினம் மூன்று வேளை, அதே மேலறை, அதே பலகணி. அவன் நிறுத்தமாட்டான் என்று எதிரிகளுக்கே உறுதியாகத் தெரிந்திருந்தது. சட்டம் வந்த பிறகும் ‘தான் முன் செய்துவந்தபடியே’ செய்தான் என்றுதான் எழுதியிருக்கிறது. புதிதாக வீரம் எதுவும் காட்டவில்லை.

நம் ஆண்டவரையும் பாருங்கள். கடைசி இரவில் வழக்கத்தின்படியே ஒலிவமலைக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். யூதாஸ் அந்த இடத்தை அறிந்திருந்தான், ஏனென்றால் இயேசு சீஷர்களோடு அடிக்கடி அங்கே போவார் என்று யோவான் எழுதுகிறார். காட்டிக்கொடுக்கிறவன் தேடி அலையவில்லை. நேரே வந்தான். நம்மை ஜெபத்தில் பிடிக்க வேண்டுமென்று ஒருவன் நினைத்தால், எந்த நேரத்தில் எந்த மூலைக்கு வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா? என் வீட்டில் டிவி ரிமோட் எங்கே இருக்கும் என்று விருந்தாளிக்குக்கூடத் தெரியும்.

வாட்ஸ்அப் வசனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூ படத்தோடு வசனம் வந்துவிடுகிறது. நான் கேலி செய்யவில்லை, அனுப்புகிறவர்கள் அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் குடியிருந்தார்கள். 1728 மே மாதம் ஒரு மாலைக் கூட்டத்தில் அவர்களுடைய தலைவர் சின்சன்டார்ஃப் பிரபு மறுநாளைக்கென்று ஒரு வாசகம் கொடுத்தார். அன்று தொடங்கியது பழக்கமாகிவிட்டது. 1731 முதல் அந்தந்த வருஷத்துக்கான வசனங்களைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள்; இன்றுவரை வருகிறது. இதே மொராவியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, பக்கத்தில் தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஹெர்ன்ஹூட்டில் ஒரு சகோதரர் அந்த வசனத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்வார். கதவைத் தட்டி, வசனத்தைச் சொல்லி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார். ஃபார்வர்டில் அந்த விசாரிப்புதான் விட்டுப்போகிறது. அதனால் நாளை யாருக்காவது வசனம் அனுப்பினால் கூடவே ‘அம்மாவுக்கு இப்போ சுகமா?’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். ஷிஃப்ட் மாறி மாறிப் போகிற தம்பிகள் இருக்கிறீர்கள். உங்களுக்கு மணிக்கணக்கு சரிப்படாது. யூனிஃபார்ம் போட்டதும் பரமண்டல ஜெபம், பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு சங்கீதம் என்று ஏற்கனவே செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப்போட்டுக்கொள்ளுங்கள். வாசிப்புக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் நீதிமொழிகளை எடுங்கள்; 31 அதிகாரம் இருக்கிறது, இன்றைக்கு என்ன தேதியோ அந்த அதிகாரம். நாலு நாள் விட்டுப்போனாலும் பாக்கி சேராது. ஐந்தாம் நாள் அன்றைய தேதியைத் திறந்தால் போதும். வனாந்தரத்தில் மன்னாவையும் அன்றன்றைக்குத்தான் பொறுக்கச் சொன்னார், சேர்த்துவைத்தது புழுத்துப்போயிற்று.

கூட்டத்துக்கு வருமுன் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள்: ‘பத்தாவது படிக்கிற பையன் குடும்ப ஜெபத்துக்கு உட்காரமாட்டேன் என்கிறான், கட்டாயப்படுத்தலாமா?’ என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், ஐயா வேறு மாதிரி சொன்னால் ஐயா சொல்வதைக் கேளுங்கள். அடித்து உட்காரவைத்தால் பாயில் உட்காருவான், வேறெதுவும் நடக்காது. முதலில் நம் ஜெபம் எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். அவனுடைய மார்க்கையும் அவன் நண்பர்களின் லட்சணத்தையும் ஆண்டவரிடம் சொல்கிற சாக்கில் அவனுக்கே சொல்லிக்காட்டுகிறோமா என்று பாருங்கள். பிள்ளைகள் ஓடுவது பெரும்பாலும் அதற்குத்தான். ஒரு சரணம், நாலு வசனம், பரமண்டல ஜெபம் என்று பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். அவனை வாசிக்கச் சொல்லாதீர்கள். பாட்டை அவன் தேர்ந்தெடுக்கட்டும். வராத அன்றைக்குக் கதவைத் திறந்தே வைத்து, நீங்கள் இரண்டு பேரும் உட்காருங்கள். அவன் பெயரைச் சொல்லும்போது குரலை உயர்த்தாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது. ஐயா ஜெபித்து முடித்ததும் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் முதல் பந்தியில் உட்காரட்டும்.