பன்னிரண்டு கிலோ கொடுவா

வணக்கம் நேயர்களே. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலை, பழவேற்காட்டில் மீன் ஏலம் விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேர் ஒரு கொடுவாவைச் செவுளில் கயிறு கோத்துத் தூக்கி வந்து தராசில் போட்டார்கள். பன்னிரண்டு கிலோ. ஏலம் எடுத்த அண்ணன் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க மீனைப் பத்திப் படிச்சவராமே, இது ஆணா பொண்ணா சொல்லுங்க பாப்போம்" என்றார். பெண் என்றேன். வயிற்றைக் கீறினால் உள்ளே மஞ்சளாக இரண்டு சினைப்பை, ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு. அவர் என்னை ஜோசியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை, தராசில் எடையைப் பார்த்தேன், அவ்வளவுதான். கொடுவாவில் அந்த அளவுக்கு வளர்ந்தது ஏறக்குறைய எல்லாமே பெண். ஆனால் அந்தப் பெண் நாலைந்து வருடம் முன்னால் ஆணாக இருந்திருக்கும் என்று நான் சொன்னபோதுதான் அண்ணன், "போங்க சார்" என்று சிரித்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கொடுவா மூன்று, நான்கு வயதில் பருவத்துக்கு வரும்போது ஆணாக வரும். ஓரிரு முறை இனப்பெருக்கத்தில் ஆணாகக் கலந்துகொண்டபின், ஏறத்தாழ ஆறேழு வயதில், உடம்பு பெரிதாகும்போது விந்துப்பை கரைந்து அந்த இடத்தில் சினைப்பை உருவாகிறது. ஆஸ்திரேலியாவில் 85 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இந்த மாற்றம் நடப்பதாகக் கண்டிருக்கிறார்கள். எல்லா மீனும் மாறும் என்று இல்லை, ஆணாகவே இருந்துவிடுவதும் உண்டு. பாப்புவா நியூகினியில் பிடித்த மீன்களை அறுத்துப் பார்த்து இதை விவரமாக எழுதியவர் மூர் என்ற ஆய்வாளர், 1979இல். கணக்கு எளிதுதான். விந்து தயாரிக்கச் சின்ன உடம்பு போதும், முட்டையைச் சுமக்கத்தான் பெரிய வயிறு வேண்டும். நன்றாக வளர்ந்த ஒரு தாய்க் கொடுவாவின் வயிற்றில் ஒரு கோடிக்கு மேல் முட்டை இருக்கும்.

சரி, இந்த மீன் எங்கே வாழ்கிறது என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, வடக்கு ஆஸ்திரேலியா வரை கரையோரமெல்லாம் உண்டு. மலையாளத்தில் காளாஞ்சி, வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. ஆனால் அது கடல் மீனா ஆற்று மீனா என்றால், இரண்டும்தான். முட்டையிடுவது உப்பு நீரில், வளர்வது பெரும்பாலும் உப்பங்கழியிலும் ஆற்றிலும். விலாங்கும் இதே ரகம்தான், ஆனால் விலாங்கு நடுக்கடல் வரை போகும், கொடுவாவுக்கு முகத்துவாரத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போக வேண்டிய வேலை இல்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், இருட்டிய பிறகு, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடும். நாள் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அந்த நாட்களில்தான் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், பெரிதாக ஏறும், ஏறுகிற தண்ணீர் முட்டைகளையும் குஞ்சுகளையும் அள்ளிக்கொண்டு கழிக்குள்ளே கொண்டுவந்து விட்டுவிடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்பு நீரில் மிதக்கும், ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். உப்புக் குறைந்தால் முட்டை தேறாது. அதனால்தான் ஆற்றில் எவ்வளவு சுகமாக இருந்தாலும் பருவம் வந்த கொடுவா கீழே இறங்கி வந்தாக வேண்டியிருக்கிறது.

கழிக்குள் வந்த குஞ்சு அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும், ஓதம் ஏறி இறங்கும் சதுப்புக் குட்டைகளிலும் ஒளிந்து வளரும். இந்த வயதில் பார்த்தால் கொடுவா என்றே சொல்ல மாட்டீர்கள். பழுப்புத் திட்டுத் திட்டாக, காய்ந்த இலைத் துண்டு மாதிரி இருக்கும். அடையாளம் ஒன்று உண்டு, மூக்கிலிருந்து முதுகுத் துடுப்பு வரை தலையின் நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வளர வளர அந்தக் கோடு மறைந்து உடம்பு வெள்ளியாகும், கண் மட்டும் டார்ச் வெளிச்சத்தில் தணல் மாதிரி மின்னும். ஒரு வருடம் போல ஆனதும் பலதும் ஆற்றுக்குள் ஏறிப்போய்விடும். கடலில் இருக்கும்போது தண்ணீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். நன்னீருக்கு வந்தால் எல்லாம் தலைகீழ், குடிப்பது நின்றுபோய் சிறுநீர் ஏராளமாகப் போகும். நமக்கு ஊர்த் தண்ணீர் மாறினாலே வயிறு கெட்டுவிடுகிறது.

கொடுவாவின் வாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அது இரையைத் துரத்திப் போகிற மீன் இல்லை. வேர், பாறை, பாலத்தூண் ஓரமாக அசையாமல் நிற்கும். இறால் பக்கத்தில் வந்ததும் வாயை டக்கென்று திறக்கும், தண்ணீரோடு சேர்ந்து இறாலும் உள்ளே போய்விடும். இரவில் கழி ஓரம் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் காதில் விழும், ஈரத்துணியை உதறுவது போல. தன் இனம் என்ற பாகுபாடும் கிடையாது. குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில், நாலு நாளைக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி. ஒரு தீபாவளி விடுமுறையில் நாங்கள் அதைத் தள்ளிப்போட்டுவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் பாதிக் குஞ்சைக் காணோம். மிதந்து கிடந்த ஒன்றை எடுத்தேன், அதன் வாயிலிருந்து இன்னொரு குஞ்சின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்ததை விழுங்கப் பார்த்துத் தொண்டையில் சிக்கி, இரண்டுமே செத்திருந்தன.

பொரிப்பகம் என்றதும் ஞாபகம் வருகிறது, தொட்டியில் கொடுவாவை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் வேலை தாய்லாந்தில் 1970களிலேயே கைகூடிவிட்டது. இந்தியாவில் முதலில் செய்தது சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997இல். இன்று குளத்திலும் கூண்டிலும் வளரும் கொடுவாவுக்கு அதுதான் ஆரம்பம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இன்னொரு கூத்து. பொரிப்பகக் குஞ்சுகளைக் கொண்டுபோய் அணைத் தேக்கங்களில் விடுகிறார்கள், தூண்டில்காரர்களுக்காக. உலக சாதனையாகப் பதிவான 44.64 கிலோ பாராமுண்டி 2010இல் மான்டுரன் என்ற அப்படிப்பட்ட ஏரியில்தான் கிடைத்தது. அந்த ஏரி முழுக்க ராட்சத மீன், ஆனால் கடல் அணைக்கு அந்தப் பக்கம். அதனால் அங்கே ஒரு குஞ்சுகூடப் பிறக்காது, மறுபடியும் கொண்டுவந்துதான் விட வேண்டும். அதே மாநிலத்தில் கடலோரத்திலும் ஆற்றிலும் பிடிப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் எடுக்கக் கூடாது, 120க்கு மேலேயும் எடுக்கக் கூடாது. சின்னது ஒரு முறையாவது ஆணாக இருந்துவிட்டுப் போகட்டும், பெரியது தாய், அதை விட்டுவிடு என்பதுதான் கணக்கு.

நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் கடலில் விசைப்படகுகளுக்கு உண்டு. கழியில் வீச்சுவலையோடு நிற்பவரைக் கேட்க ஆள் இல்லை, கேட்டால் அவர் வயிற்றுப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது என்பதும் நியாயமான கேள்விதான். மார்க்கெட்டில் நாம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று தேடி வாங்குவது எல்லாம் ஆண், அல்லது ஆணாகக்கூட ஆகாத பிள்ளை. பெரிய மீன் சிக்கினால் போட்டோ எடுக்கிறோம். எனக்கே குழம்பில் அந்தப் பெரிய தலைதான் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

பழவேற்காட்டில் அப்போதெல்லாம் கோடைக்காலத்தில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். அப்போது உள்ளே இருக்கும் கொடுவா உள்ளேயே, வெளியே இருப்பது வெளியேயே. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டித் திறப்பார்கள். வெட்டிய இடத்தில் முதலில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடும், கொஞ்ச நேரத்தில் கரை இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து அகலமாகும். ஒருமுறை அப்படித் திறந்த அன்றிரவு அங்கே போய் நின்றேன். கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தேன், வாய்க்காலின் உள்பக்கத்து ஓரத்தில், கடலைப் பார்த்தபடி, நாலைந்து ஜோடிக் கண்கள்.