ஈயக் குண்டுக்கு எந்த அளவு எக்ஸ்பாண்டர்?

சரி, அடுத்த கேள்வி, சுட்ட கேஸில் மறுபடி குண்டு ஏற்றித் தோட்டா செய்வது பற்றி. ஒரு நண்பர் அமெரிக்காவிலிருந்து கேட்டிருக்கிறார்: “.308 வின்செஸ்டர் ரைபிளுக்கு நானே ஈயம் வார்த்து, குண்டுகளை .310 அங்குலத்துக்கு சைஸ் செய்து வைத்திருக்கிறேன். டை செட்டோடு வந்த எக்ஸ்பாண்டர் போதுமா, வேறு வாங்க வேண்டுமா?” டை என்பது கேஸை ஏற்றி வடிவமைக்கும் அச்சு. எக்ஸ்பாண்டர் என்பது குண்டு உட்காரும்படி பித்தளைக் கேஸின் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் முளை. இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

போதாது. செட்டில் வருவது செம்பு உறை போட்ட .308 குண்டுக்கானது, பெரும்பாலும் .306, .307 அளவில் இருக்கும். அதை வெளியே எடுத்ததும் பித்தளை கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். அந்தக் கழுத்துக்குள் .310 ஈயக் குண்டை அழுத்தினால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். செம்பு உறை என்றால் பித்தளை விரியும். ஈயம் என்றால் ஈயம்தான் ஒடுங்கும். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும்: உள்ளே போன அளவிலேயே குண்டு வெளியே வர வேண்டும். அடிப்பக்கம் .308 ஆகிவிட்டால் சுடும்போது வாயு பக்கவாட்டில் கசியும், பேரல் முழுக்க ஈயம் அப்பும்.

அதனால் உங்களுக்கு .308 சுமாருக்கு ஒரு பிளக் (விரிக்கும் முளை) வேண்டும், அதாவது குண்டைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைவு. அதன் மேல்பக்கம் .311, .312 என்று ஒரு சின்னப் படி இருக்க வேண்டும், அது கேஸின் வாயை மட்டும் சற்று அகலமாக்கினால் குண்டு சாயாமல் நேராக உட்காரும், விளிம்பு ஈயத்தைச் சீவாது. லைமன் கம்பெனியின் எம் டை இந்தக் கணக்குதான். என்.ஓ.இ. கம்பெனி இப்படிப் படி வைத்த பிளக்குகளைப் பல அளவில் விற்கிறது, லீ யூனிவர்சல் எக்ஸ்பாண்டிங் டைக்குள் பொருந்தும்.

ஆனால் பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளை அதிகம் சுருங்கும், அதற்கு ஒரு அளவு பெரிய பிளக் தேவைப்படலாம். எனவே பிரைமரும் பவுடரும் இல்லாத வெறும் கேஸில் ஒரு குண்டை உட்கார வைத்து, சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் தட்டி எடுத்து, அடிப்பக்கத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள், காலிப்பர் வேண்டாம். .310 காட்டினால் முடிந்தது.

9 எம்எம் பிஸ்டல் தோட்டாவில் இது இன்னும் மோசம், கேஸ் சுவர் கீழே போகப் போகத் தடிக்கும், கனமான குண்டு ஆழமாக இறங்கி அங்கே போய் நசுங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் பேரலில் ஈயம் அப்புகிறதே என்று, ஈயம் மெத்தென்று இருப்பதுதான் காரணம் என முடிவு கட்டி, அச்சகத்தில் எழுத்து வார்க்கும் கடினமான லைனோடைப் உலோகத்தைத் தேடி அலைந்தார். கடைசியில் 9 எம்எம்-ஐவிடச் சற்றுப் பெரிய குண்டு கொண்ட .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) தோட்டாவுக்கான எக்ஸ்பாண்டரைப் போட்டதும் பிரச்சினை நின்றது, பழைய ஈயத்திலேயே. இத்தனையும் செய்துவிட்டு கேஸ் வாயைக் குண்டோடு இறுக்கும், கார்பைடு வளையம் உள்ள கிரிம்ப் டையில் ஏற்றினீர்கள் என்றால், அது வெளியிலிருந்து நசுக்கிவிடும். உள்ளே போன அளவிலேயே வெளியே வர வேண்டும், மறுபடியும் சொல்கிறேன்.

இப்போது அந்த ஒளிந்திருக்கும் கேள்வி. .310 என்று யார் சொன்னார்கள்? பேரலுக்குள் மெத்தென்ற ஈயத் துண்டைத் தள்ளி எடுத்து, பேரலுக்குள் வெட்டிய சுழல் பள்ளத்தின் குறுக்களவைப் பார்த்தீர்களா? அதைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கூடுதலாகத்தான் குண்டு இருக்க வேண்டும். நம்மூர் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்துப் பழகிய 303 லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவற்றில் ஐந்து பள்ளம், ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு, அதில் தள்ளி எடுத்த ஈயத் துண்டைச் சாதாரண மைக்ரோமீட்டரில் பிடித்தால் குறைவாகத்தான் காட்டும். அதற்கு வி வடிவத் தாடை உள்ளது வேண்டும். லீ-என்ஃபீல்டுகளிலேயே பள்ளக் குறுக்களவு .311-உம் உண்டு, .314-உம் உண்டு. உங்கள் .308-இல் அந்தத் தொல்லை அநேகமாக இருக்காது, இருந்தாலும் பேரலை அளந்துவிட்டு எண்ணை எனக்கு எழுதுங்கள், பிளக்கை அப்புறம் வாங்கலாம்.