மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மட்டமான சரக்கை நல்ல சரக்கு என்று நம்பி வாங்கி ஏமாறுவதற்குப் பெரிதும் காரணம் வாங்குபவரின் அறியாமையா, விற்பவரின் மறைப்பா என்பது தலைப்பு. விற்பவரின் மறைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது, "இந்தக் காலத்து மக்களுக்கு நல்லது எது, மட்டம் எது என்று பார்க்கவே தெரியவில்லை, நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை" என்றார். அவையில் பலர் கை தட்டினீர்கள். எனக்கு அந்தக் கைதட்டல்தான் வருத்தம் தந்தது. ஏமாற்றப்பட்டவர்களே சேர்ந்து, தப்பு எங்கள் மேல்தான் என்று ஒப்புக்கொண்டது போல இருந்தது.

ஐயா, நாளைக் காலை ஏதாவது ஒரு மீன் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் யாராவது மீன் வாங்குகிறார்களா? விரலால் அழுத்துகிறார்கள். அழுத்திய பள்ளம் உடனே மேலே வந்தால்தான் பையில் விழும். கண் குழி விழுந்திருந்தால் பேச்சே இல்லை, அடுத்த கடை. அப்புறம் காய்கறிக் கடைக்கு வாருங்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறார்கள். தேங்காயைத் தட்டி, காதோரம் ஆட்டிப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்கும் தெரிந்துதான் இருக்கிறது. கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற பொருளில் நம் மக்களை ஏமாற்றுவது லேசான காரியம் இல்லை.

அப்படியென்றால், அதே அம்மா மளிகைக் கடையில் ஒரு தேன் பாட்டிலைக் கையில் எடுத்ததும் ஒன்றும் தெரியாதவராக ஆகிவிடுவது எப்படி? அவருடைய அறிவு எங்கும் போகவில்லை. அந்த அறிவு உள்ளே நுழைய முடியாதபடி பொருளை மூடிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

தேனையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில், டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. நம் கடைகளில் விற்கும் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்தார்கள். ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் செய்த, தேனின் மூலக்கூறுகளையே ஆராயும் என்எம்ஆர் சோதனையையும் சேர்த்து எல்லாவற்றிலும் தேறியவை மூன்று பிராண்டுகள்தான். பெரிய பிராண்டுகளில் பெரும்பாலானவை நம் நாட்டுச் சோதனைகளில் முன்பே தேறியவை என்பதைக் கவனியுங்கள். கரும்புச் சர்க்கரையோ சோளச் சர்க்கரையோ கலந்தால் ஒரு சோதனை காட்டிக்கொடுத்துவிடும். அரிசியிலிருந்தும் பீட்ரூட்டிலிருந்தும் எடுத்த சர்க்கரைக்கு வேறொரு சோதனை வந்தது. உடனே இரண்டிலும் அகப்படாத பாகு ஒன்றைத் தயாரித்தார்கள். வியாபாரத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஆல் பாஸ்'. அந்தப் பாகை விலைக்கு வாங்கி, நல்ல தேனில் பாதிக்குப் பாதி கலந்து அந்த மையம் சோதனைக்கு அனுப்பியது. அதுவும் நம் நாட்டுச் சோதனைகளில் தேறியது! நிறுவனங்கள் ஆய்வு முடிவை மறுத்தன. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆய்வகத்தை ஏமாற்றுவதற்கென்றே ஒரு சரக்கு தயாராகி விலைக்குக் கிடைத்தது என்பது மட்டும் போதும் எனக்கு. நம் நாட்டு ஆய்வகக் கருவிகளுக்கே தெரியாதபடி செய்ததை, சமையலறையில் நிற்கும் ஓர் அம்மா கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, தாளில் விட்டால் ஊறக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் நக்கக் கூடாது என்று வீட்டுச் சோதனைகள் நிறையச் சொல்கிறோம். இதில் முதல் இரண்டும் காட்டுவது தேனின் கெட்டித்தன்மையைத்தான். கெட்டியான சர்க்கரைப் பாகும் அதில் தேறிவிடும். எறும்பும் நாயும் சான்று சொல்லவே முடியாது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார். பாட்டிலில் உறைந்துபோன நல்ல தேனைச் சர்க்கரை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்களே, அது அறியாமை இல்லையா என்றார். உண்மைதான், அப்படி நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறார்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். தேனில் இருக்கும் குளுக்கோஸ் படிகமாவது இயற்கை. ஆனால் தேன் என்றால் எப்போதும் கண்ணாடி போலத் தெளிவாக, கரண்டியிலிருந்து நூலாக ஒழுக வேண்டும் என்று நம் கண்ணைப் பழக்கியது யார்? வருடக் கணக்காக அதைத்தானே விளம்பரத்தில் காட்டினார்கள்? தேன் உறையும் என்று ஒரு வரி, விற்பவர் நினைத்திருந்தால் பாட்டிலில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். அம்மா சொன்னது அறியாமை என்றால், அது நமக்குக் காசு செலவழித்துக் கற்பிக்கப்பட்ட அறியாமை.

சரி, பட்டுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே, ஊடு நூலை ஓட்டும் மூன்று நாடாக்களைக் கொண்டு கோத்து நெய்வதற்குப் பெயர் கோர்வை. நெசவாளர் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை ஓட்ட இன்னொருவர் வேண்டும், பெரும்பாலும் வீட்டில் ஒருவர். ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளியிழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. இத்தனை உழைப்பும் இத்தனை உலோகமும் சேர்ந்ததுதான் அதன் விலை.

அதே நிறத்தில், அதே கரையோடு, விசைத்தறியில் ஓட்டியதும் அதே கடையில் அதே விளக்கு வெளிச்சத்தில் தொங்குகிறது. அதில் செம்புக் கம்பி ஜரிகை இருக்கலாம், பாலியஸ்டர் நூலின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் ஜரிகையும் இருக்கலாம். செம்பின் மேல் வெள்ளி பூசிய ஜரிகைக்கு வியாபாரத்தில் பெயர் 'டெஸ்டட் ஜரிகை'. காதில் விழுந்தால் சோதித்துச் சான்று கொடுத்த ஜரிகை என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்பார்கள். பட்டு நூலை எரித்தால் முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகிவிடும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். இதெல்லாம் இங்கே இருக்கும் பல தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போன இடத்தில் தீக்குச்சி உரச முடியுமா? பணம் கட்டும் முன் ஜரிகையைச் சுரண்ட விடுவார்களா? தெரிந்த சோதனையைச் செய்யவே இடம் கொடுக்காத கடையில் நின்றுகொண்டிருப்பவரைத் தரம் தெரியாதவர் என்று சொல்லக் கூடாது.

முத்திரைகள் இருக்கின்றனவே என்று எதிரணி கேட்கும். மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004-இல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அது நூல் பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகையைப் பற்றியோ கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றியோ அது பேசாது. கைத்தறிக்கு 2006-இல் தனி முத்திரை வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு முத்திரையைக் காட்டிவிட்டு மற்ற இரண்டைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம்! கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் யாரைப் பார்த்துச் சொன்னது? வாங்குபவரைப் பார்த்தா?

இதில் அழிகிறவர் வாங்குபவர் மட்டும் இல்லை. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார். 2001-இல் மேலும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரின் உள் நிலவரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது என்று தெரியாதபோது வாங்குபவர் நடுத்தரமான ஒரு விலைக்குமேல் கொடுக்கத் தயங்குவார். அந்த விலை நல்ல காரை வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் விலகுவார். மிஞ்சுவது மட்டமானவை. விலை இன்னும் இறங்கும். காஞ்சிபுரத்தில் தறிக்குழிக்குள் உட்கார்ந்து கோர்வை நெய்கிறவரின் நிலைமை அப்படியே இதுதான். போலி பக்கத்தில் தொங்கும்போது அவர் கேட்கும் கூலி அதிகமாகத் தெரிகிறது. அவர் பிள்ளை தறியில் உட்காராமல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறுகிறான். போகிறவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு கைவேலை நம் கண் முன்னால் இப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டு, வாங்குபவருக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதினால், போலியை விற்றவர்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

மக்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள், தரத்தைப் பார்ப்பதில்லை என்றும் ஒரு வாதம் வந்தது. செயற்கைப் பட்டு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால், தெரிந்து வாங்குகிறவர் ஏமாறவில்லை. அவருடைய பணம், அவருடைய தேவை. பட்டு என்று சொல்லிப் பட்டின் விலையையும் வாங்கிக்கொண்டு செயற்கையைக் கொடுக்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

கடைசியாகத் தங்கம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான். பொன் கடைத் தெருவில் நால்வகைப் பொன் இருக்கிறது. எந்தப் பொன் எங்கே இருக்கிறது என்று வருகிறவர்கள் கலங்காமல் இருக்க, பொன்னின் தரம் தெரிந்தவர்கள் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். அடையாளம் காட்டும் பொறுப்பு விற்கும் பக்கம் இருந்தது, ஐயா!

நம் காலத்தில் என்ன நடந்தது? 'கேடிஎம் நகை' என்றாலே சுத்தமான தங்கம் என்று பல காலம் நம்ப வைத்தார்கள். கேடிஎம் என்பது காட்மியம், பற்றவைக்கக் கலக்கும் உலோகம். அதன் புகை பட்டறையில் வேலை செய்பவரின் உடம்பைக் கெடுக்கும். மக்கள் அதைத் தர முத்திரை என்று நினைத்தார்கள், கடைகளும் நினைக்க விட்டன. ஹால்மார்க் 2000-லேயே வந்தாலும், விரும்பினால் போடலாம் என்ற அளவில்தான் இருந்தது. 2021 ஜூன் 16 அன்று முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் அது கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அந்தக் குறியீட்டை இன்று யார் வேண்டுமானாலும் கைபேசியில், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். கிராமத்திலிருந்து வரும் பெண்களும் 916 இருக்கிறதா என்று கேட்டுத்தான் நகையைக் கையில் வாங்குகிறார்கள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரு கேள்வி. கேடிஎம் என்று சொன்னதை நம்பி வாங்கியதும் இந்த மக்கள்தான், இன்று முத்திரையைப் பார்த்து வாங்குவதும் இதே மக்கள்தான். இடையில் மாறியது வாங்குபவரின் அறிவா, விற்பவர் மேல் வந்த கட்டாயமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.