அஞ்சு மாசம் கழிச்சு திறந்த கேன்! கோத்தகிரி குளிர்ல பயோ என்சைம், முழு கதை

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, இன்னிக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா காலையில இருந்து எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. இதோ பாருங்க, இந்த கேன். டிசம்பர் முதல் வாரம் போட்ட வீடியோவுல காட்டினேனே அதே கேன் தான். பழத்தோலையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு புளிக்க வெச்ச பயோ என்சைம், அதாவது வீடு சுத்தம் பண்ற தண்ணி, இதுக்குள்ள தான் இருந்துச்சு. நேத்து ராத்திரி வடிகட்டிட்டேன். கலரப் பாருங்க, நல்ல கடுங்காப்பி மாதிரி, ஆனா கலங்கல் இல்ல, வெளிச்சத்துல வெச்சா தெளிவா இருக்கு. வாசம் தான் உங்களுக்கு காட்ட முடியல. புளிச்ச நார்த்தங்கா ஊறுகாய் ஜாடிய திறந்தா வருமே, அந்த மாதிரி.

மார்ச்ல ஒரு அப்டேட் போட்டேன்ல, 90 நாளாச்சு இன்னும் தித்திப்பு வாசம் தான் வருதுன்னு, அதுக்குக் கீழ வந்த கமெண்ட்ட எல்லாம் மறக்கவே மாட்டேன். கெட்டுப்போச்சு கொட்டிடுங்க, வெல்லம் வேஸ்ட், மூணு மாசத்துல ஆகலன்னா ஆகவே ஆகாது. மக்களே, அந்த 90 நாள் கணக்கு மலைக்குக் கீழ இருக்கறவங்களுக்கு. மெட்ராஸ்ல, மதுரையில வீட்டுக்குள்ளயே 30 டிகிரி இருக்கும், புளிக்க வெக்கற ஈஸ்ட் ஜம்முனு வேலை செய்யும். இங்க ஜனவரியில தேங்காண்ணெய் பாட்டில் கல்லு மாதிரி கிடக்கு, 24 டிகிரிக்குக் கீழ போனாலே அது உறைய ஆரம்பிச்சிடும், அந்தக் குளிர்ல ஈஸ்ட் மட்டும் எப்படி ஓடும்? அது சாகல, மெதுவா தின்னுட்டு இருந்துச்சு, அவ்ளோ தான். எனக்கு அஞ்சு மாசம் முழுசா ஆச்சு. அதுலயும் பிப்ரவரியில கேன தண்ணி காய வெக்கற பாய்லர் பக்கத்துல, சுவரோரமா, பழைய கம்பளி சுத்தி வெச்சப்புறம் தான் மூடிய திறந்தா உஸ்ஸுனு சத்தமே வந்துச்சு. பாய்லர ஒட்டி வெக்காதீங்க, கேன் இளகிடும், ஒரு முழம் தள்ளி.

அளவு கேட்டவங்களுக்கு மறுபடி சொல்றேன், ஒண்ணு, மூணு, பத்து. நான் போட்டது வெல்லம் 300 கிராம், தோல் 900 கிராம், தண்ணி 3 லிட்டர். 5 லிட்டர் கேன்ல மேல இடம் விட்டே ஆகணும், கேஸ் வரும். முதல் மாசம் தினமும் மூடிய லேசா திருகி கேஸ விடணும். கண்ணாடி பாட்டில்ல போட்டு இறுக்கி மூடவே கூடாது, வெடிச்சிடும்.

இந்த கேன் கதைய அன்னிக்கு அவசரத்துல சொல்லல, இன்னிக்கு சொல்லியே ஆகணும். எல்லா வீடியோவுலயும் ஈஸியா சொல்லிடறாங்க, ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் எடுத்துக்கோங்கன்னு. எங்க போய் எடுக்கறது? நம்ம நீலகிரியில 2019-லயே ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பாட்டில் தடை பண்ணியாச்சு, தண்ணி வேணும்னா வாட்டர் ஏடிஎம்ல பிடிச்சுக்கறோம். அந்தத் தடை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், காட்டெருமை மேயற இடத்துல பாட்டில் கிடக்கறத சின்ன வயசுல பாத்து வளர்ந்தவ நான். அதனால கீழ இருந்து பாட்டில் கொண்டு வர்ற யோசனையே எனக்கு வேணாம். மூணு நாள் அலைஞ்சேன். கடைசியில மார்க்கெட் பக்கம் பஜ்ஜி போடற அண்ணா கிட்ட காலி எண்ணெ கேன் இருந்துச்சு, 50 ரூபா கேட்டார். காலி கேனுக்கு 50 ரூபாயா! பழைய பொருள் கடைக்குப் போட்டா அவருக்கு அஞ்சு ரூபா கூட வராது. நான் விடல, அண்ணா இது இன்னும் ரெண்டு வருஷம் என் வீட்ல உழைக்கும், குப்பைக்குப் போகாதுன்னு சொல்லி, பஜ்ஜி ரெண்டு வாங்கி, 20 ரூபாய்க்கு முடிச்சேன். பஜ்ஜிக்காசு தனி. தோல் ஜூஸ் கடையில சும்மா குடுத்தாங்க, பாதி ஆரஞ்சு பாதி சாத்துக்குடி. வெல்லம் 21 ரூபா. ஆக 41 ரூபாய்க்கு மூணு லிட்டர் கிட்ட கிடைச்சிருக்கு, போன வருஷம் பாத்ரூம் லிக்விட் ஒரு லிட்டர் 210 குடுத்து வாங்கினேன், நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அய்யோ, எண்ணெ கேன கழுவினத சொல்லலையே. அது தான் பெரிய பாடு. பூந்திக்கொட்டை தண்ணியில தான் போச்சு. கொட்டைய உள்ள இருக்கற விதை எடுத்துட்டு 20 போட்டு ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வெச்சு காலையில கொதிக்க வெக்கணும். கீழ 20 நிமிஷம்னா நமக்கு 40 நிமிஷம் வெக்கணும், ஏன்னா இந்த உயரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், பருப்பு வேக நேரமாகுதுல்ல, அதே கதை தான். அதுக்காக குக்கர்ல வெச்சிடாதீங்க ப்ளீஸ், நுரை பொங்கி வெயிட் ஓட்டைய அடைச்சிடும், ஆபத்து. அகலப் பாத்திரத்துல திறந்தே வைங்க. இந்தத் தண்ணி கெட்டுப்போகும், ஒரு வாரத்துக்கு மேல வெக்காதீங்க.

இப்போ நேத்து டெஸ்ட் பண்ணினது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல மழைக்காலத்துல இருந்து இருந்த கறுப்பு, அப்படியே ஊத்தி அரை மணி நேரம் விட்டு பிரஷ் போட்டேன், முக்கால்வாசி போயிடுச்சு. அடுப்பு மேடை எண்ணெப் பிசுக்கு, சுத்தமா போச்சு, அது ஆரஞ்சுத் தோல் எண்ணெயோட வேலை. புளிப்பு எவ்ளோன்னு காட்டற பிஹெச் பேப்பர் முக்கிப் பாத்தேன், 3-க்கும் 4-க்கும் நடுவுல காட்டுச்சு, அதாவது நல்ல புளிப்பு. என்சைம்னு பேரு இருந்தாலும் வேலை செய்யறது முக்கால்வாசி அந்தப் புளிப்பு தான், ஈஸ்ட் வெல்லத்த ஆல்கஹால் ஆக்கி, பாக்டீரியா அத வினிகர் மாதிரி ஆக்கிடுது. அதனால மார்பிள், மொசைக் தரையில கண்டிப்பா வேணாம், பளபளப்பு போயிடும். பிளீச்சிங் பவுடரோட சேக்கவே கூடாது, குளோரின் கேஸ் வரும், மூச்சடைக்கும். வீட்ல யாருக்காவது வயித்தால போனா நான் பிளீச்சிங் தான் போடுவேன், அன்னிக்கு இத அந்தப் பக்கமே எடுத்துட்டுப் போக மாட்டேன்.

அதே மாதிரி வினிகரையும் சோடா மாவையும் ஒரே பாட்டில்ல கலக்கி வெச்சுக்கோங்கன்னு சொல்றாங்களே, எனக்கு அதப் பாத்தாலே எரிச்சல். ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சு முடிச்சிடும், நுரை அடங்கினா உப்புத்தண்ணி தான் மிச்சம். அதுக்கு எங்க பக்கத்து வீட்டம்மா பண்ற மாதிரி விறகு சாம்பல் போட்டுத் தேய்ச்சா பாத்திரம் நிஜமாவே போகும், சாம்பல் காரம் எண்ணெயோட சேந்து சோப்பாவே மாறிடும்.

தரை துடைக்க ஒரு பக்கெட் தண்ணிக்கு இந்த என்சைம் ஒரு டம்ளர். ஒரு அஞ்சு சொட்டு நீலகிரி தைலம், நம்ம ஊர்ல கற்பூர மரம்னு சொல்ற யூகலிப்டஸ் இலை காய்ச்சினது. தைலத்த நேரா தண்ணியில விட்டா மேல மிதக்கும், முதல்ல பூந்திக்கொட்டை தண்ணியில கலந்துட்டு அப்புறம் ஊத்துங்க. குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, வாயில போனா விஷம். அந்த ரோஸ் கலர் பினாயில் வாசத்துக்கும் இதுக்கும், அப்பா, ஏணி வெச்சாலும் எட்டாது.

வடிகட்டின சக்கைய தூக்கிப் போடல, அதுல இருந்தே ரெண்டாவது ரவுண்ட், கூட ஒரு டம்ளர் இந்தத் தண்ணியும். மே மாசம்ங்கறதால இந்த வாட்டி சீக்கிரம் ஆகும்னு நினைக்கறேன், தேதிய கேன் மேல எழுதிட்டேன், பாருங்க. புதுத் தோல் மட்டும் இன்னும் 400 கிராம் வேணும், ஜூஸ் கடை ஆறு மணிக்கு மூடிடுவாங்க, நான் கிளம்பறேன்.